என்னைச் சாட்டி வாங்கோ

அல்லைப்பிட்டி
12.02.2024

குளிருக்க ஒளிச்சிருக்கிற என்ர மாப்பிள்ளைக்கு,

போனில கதைச்சால் மச்சாள், அவவின்ர பிள்ளையள், பக்கத்து வீடு எல்லாம் காது குடுக்கும். அதுதான் கடிதம். பிழைக்குச் சிரிக்காதேங்கோ, ஆறாம் வகுப்போட, கிழிஞ்ச வலை பொத்தப் போனவள் நான்.

லண்டன் விசாவுக்கு இங்கிலீசுச் சோதினை பாஸ் பண்ண வேணுமே. போன முறை பெயில். திரும்பவும் கோயில் மண்டபத்தில சிஸ்ரர் கிறிஸ்ரினாட்டப் படிக்கிறன். இப்ப காரணம் சொல்லுற பாடம். நல்லது நடந்தால் ‘தாங்ஸ் ரூ’ எண்டு தொடங்க வேணுமாம், கூடாதது நடந்தால் ‘பிகோஸ் ஒவ்’. சிஸ்ரர் என்னை வசனம் சொல்லச் சொன்னா. “பிகோஸ் ஒவ் மை ஹஸ்பண்ட்” கூரை ஒழுகுது எண்டன். “பிகோஸ் ஒவ் மை ஹஸ்பண்ட்” நாய் மெலிஞ்சு போச்சு எண்டன்.

“ஜெனீற்றா, உலகத்தில வேற காரணமே இல்லையோ?”

“இல்லை சிஸ்ரர், கலியாணம் கட்டி எட்டு வருசமா இவர்தான்.”

வகுப்பே விழுந்து சிரிச்சது.

போனில உங்கட குரல் வாடிக் கிடந்தது. ஏனெண்டு உண்மையைச் சொல்லுங்கோ.

உங்கட கரைச்சல்,
ஜெனீற்றா

லண்டன்
03.03.2024

அன்புள்ள ஜெனீற்றா,

உம்மட கடிதத்தை வேலையில வாசிச்சுச் சிரிக்க மனேச்சர் எட்டிப் பாத்தவன்.

உண்மை கேட்டீர். கடலில நிண்டவன், இஞ்ச ஆரோ பிடிச்ச மீனைக் குளிர் அறைக்க அடுக்கிறன். திரும்பி வரத்தான் ஆசை. ஆனால் சும்மா வந்து இறங்கினால் துறையில சனம் “ஏன் வந்தனீ?” எண்டு கேக்கும். “ஏலாமல் வந்தனான்” எண்டு என்ர வாயால எப்பிடிச் சொல்லுறது? நீர் பாஸ் பண்ணி இஞ்ச வாரும். வேற வழியில்லை.

சில்வெஸ்ரர்

அல்லைப்பிட்டி
20.04.2024

ரோசக்கார மாப்பிள்ளைக்கு,

சோதினை முடிஞ்சுது. கொழும்பில ஒரு மிஸ், லண்டனுக்கு ஏன் போறீர் எண்டு இங்கிலீசில கேட்டா. “பிகோஸ் ஒவ் மை ஹஸ்பண்ட்” எண்டு தொடங்கினவள் விடாமல் கதைச்சன், கடைசியில அவதான் போதுமெண்டு கைகாட்டி நிப்பாட்டினா. பாஸ்!

பாஸ் பேப்பர் அரிசி வாளிக்குக் கீழ கிடக்கு. ஊருக்குச் சொன்னது வேற. நேர துறைக்குப் போய், “ரெண்டாம் தரமும் பெயில்! இந்த மண்டைக்குள்ள ஏறாது, இனி அந்தாள்தான் வரவேணும்” எண்டு தலையில அடிச்சன். உங்கட கூட்டாளி றொமேஷ், “பாவம் சில்வெஸ்ரர், பெஞ்சாதியால லண்டனை விட்டிட்டு வரப்போறான்” எண்டு அண்டைக்கே ஊரெல்லாம் சொல்லிப் போட்டான்.

சிஸ்ரருக்கு மட்டும் உண்மை தெரியும். பொய்க்கு மூண்டு செபம் சொல்லச் சொன்னா, சிரிச்சுக்கொண்டுதான். நீங்கள் போனில உளறிப் போடாதேங்கோ.

வலை பொத்தி வைச்சிருக்கிறன். “ஏன் வந்தனீ?” எண்டு ஆர் கேட்டாலும் என்னைச் சாட்டுங்கோ. ஆனால் வீட்டுக்குள்ள வந்து, கதவைச் சாத்திப் போட்டு, “தாங்ஸ் ரூ மை வைஃப்” எண்டு ஒருக்காச் சொல்லவேணும். பிளேனில பாடமாக்கிக்கொண்டு வாங்கோ.

ஊரறியப் பெயிலான,
ஜெனீற்றா