பத்து நிமிடம் பழைய பதில்

இன்று காலை உங்கள் குரலைக் கேட்டேன். சர்வரை மாற்றியிருக்கிறோம். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க நம் யானைத் தகவல் எண்ணுக்குப் போன் போட்டு, உங்கள் ஊருக்கான எண்ணை அழுத்தினேன். "ஆறு மணி பத்து நிமிசத்துக்கு வந்த தகவலுங்க. வாழைத் தோட்டத்துப் பக்கம் ரெண்டு யானை நிக்குதுங்க. பார்த்துப் போங்க" என்றீர்கள். அந்தக் கடைசி வார்த்தையில் மட்டும் குரல் கொஞ்சம் கரகரக்கும். வார்த்தை வார்த்தையாகப் பதிவு செய்த அன்று உங்களுக்குச் சளி பிடித்திருந்தது. வைத்துவிட்டு மறுபடியும் போட்டேன். மூன்றாவது தடவையும் போட்டேன். சர்வர் முதல் தடவையே சரியாகத்தான் இருந்தது.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது.

சிங்காநல்லூர் அலுவலகத்தில் ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தோம். ஒரே வயது, ஒரே வேலை, குணம் மட்டும் நேர் எதிர். கேள்வி முடிவதற்குள் எனக்குப் பதில் வந்துவிடும். உங்களிடம் எதைக் கேட்டாலும் "இருங்க, பார்த்துச் சொல்றேன்" என்பீர்கள். டேட்டாபேஸ் நன்றாக ஓடுகிறதா என்று கேட்டால் கூட, ஐந்து நிமிடம் முன்பு பார்த்ததை மறுபடியும் திறந்து பார்ப்பீர்கள். "இப்பத்தானுங்களே பார்த்தீங்க?" என்று நான் கேலி செய்வேன். "அது அப்பப் பார்த்ததுங்க" என்பீர்கள், சிரிக்காமல். உங்களுக்கு மதியம் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால் டப்பாவைத் திறந்து பார்த்துத்தான் சொல்வீர்கள் என்று ஆபீஸ் முழுக்கப் பரப்பி வைத்திருந்தேன்.

மலையடிவாரத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து அந்த யானைத் தகவல் சேவையைக் கேட்டு வந்தபோது அதைச் செய்ய நம் இருவரையும் விட்டார்கள். யானையைக் கண்டவர் போனில் தெரிவிப்பார். வெளியே கிளம்புகிறவர் போன் போட்டுக் கேட்டுக்கொள்வார். கேட்க எளிது. ஆனால் ஒவ்வொரு அழைப்புக்கும் டேட்டாபேஸில் உள்ள எல்லாத் தகவல்களையும் புரட்டி, எது கடைசி, எது அந்த ஊருக்குப் பக்கம் என்று தேட வேண்டியிருந்தது. விடியற்காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். பதில் வர அரை நிமிடம் ஆகும், அதற்குள் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். நான்தான் கேஷ் என்கிற தற்காலிகச் சேமிப்பைப் போட்டேன். ஒரு ஊருக்கான பதிலை ஒரு தடவை தேடி எடுத்து, சர்வரின் நினைவகத்திலேயே பத்து நிமிடம் வைத்திருந்து, அடுத்தடுத்துக் கேட்பவர்களுக்கு அதையே கொடுப்பது. மணி அடித்து முடிவதற்குள் பதில் வந்தது. பாஸ் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

நீங்கள் மட்டும் திரையைப் பார்த்தபடி கேட்டீர்கள். "வேகமாச் சொல்லுதுங்க, சரி. எப்பத்தத் தகவல்னு ஆரு சொல்லுவாங்க?"

"பத்து நிமிசத்துல யானை என்னங்க கோயமுத்தூருக்கா வந்துறப் போகுது?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு ரொம்பத் திருப்தி.

இரண்டு வாரம் கழித்து நீங்கள் இடது கையில் கட்டோடு வந்தீர்கள். தொண்டாமுத்தூர்த் தோட்டத்து வீட்டிலிருந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றக் கிளம்புமுன் நம் எண்ணுக்கே போன் போட்டிருக்கிறீர்கள். யானை இல்லை என்று பதில் வந்தது. பைக்கில் பால் கேனை மாட்டிக்கொண்டு கிளம்பி, வாழைத் தோட்டத்துத் திருப்பத்தில் யானைக்கு எதிரிலேயே போய் நின்றிருக்கிறீர்கள். வண்டியைப் போட்டுவிட்டு முள்கம்பிக்குள் நுழைந்து ஓடியதால் கையோடு போயிற்று. பைக்கும் கேனும் சப்பளிந்து கிடந்த படத்தை உங்கள் தம்பி அனுப்பியிருந்தார்.

பாஸ் இருவரையும் கூப்பிட்டார். எப்படி ஆச்சு என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. "தகவல் லேட்டா வந்திருக்குங்க சார்." நீங்கள் என்னை ஒரு தடவை பார்த்தீர்கள்.

டீக்கடைக்கு வந்த பிறகுதான் சொன்னீர்கள். "எது எப்ப வந்துச்சுன்னு சர்வர் லாக்கைப் பார்த்துப்போட்டுத்தானுங்க வந்தேன். தகவல் அஞ்சு நாப்பதுக்கே வந்திருச்சு. நான் கூப்பிட்டது அஞ்சு நாப்பத்தி நாலு. எனக்குச் சொன்னது அதுக்கு முந்துன பதில்." நீங்கள் என் மேல் கோபப்படுவீர்கள் என்று காத்திருந்தேன். "நானா இருந்ததுனால ஓடிட்டேனுங்க. எங்கம்மா போயிருந்தா?" என்று மட்டும் கேட்டீர்கள். அப்புறம், "கேஷை எடுத்துப்போட வேண்டாம். புதுசு வந்த அந்த நிமிசமே பழசை அழிச்சுப்போடுங்க. அது போதும்."

அன்று மத்தியானமே சர்வரை அப்படி அழிக்க வைத்தேன். பாஸிடம் உண்மையைச் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

நீங்கள் அதோடு விடவில்லை. ஒவ்வொரு பதிலும் தன் நேரத்தைச் சொல்ல வேண்டும் என்றீர்கள். அதுவரை தகவல் வராவிட்டால் 'யானை இல்லை' என்றுதான் நம் எண் சொல்லிக்கொண்டிருந்தது. "இல்லைங்கறது வேற, தெரியலைங்கறது வேறங்க" என்று மூன்றாவதாக ஒரு பதிலைச் சேர்க்க வைத்தீர்கள். குரலும் நீங்களே கொடுத்தீர்கள்: "ஒரு மணி நேரமாத் தகவல் இல்லைங்க. எங்களுக்குத் தெரியலைங்க. பார்த்துப் போங்க." தெரியவில்லை என்று சொல்லும் சேவையை யார் மதிப்பார்கள் என்று நான் நினைத்தேன். தோட்டக்காரர்கள் அதன் பிறகுதான் அதிகமாகக் கூப்பிட்டார்கள்.

இதெல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

உங்கள் நெஞ்சு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த வாரம் பார்க்க வந்தேன். கஞ்சி குடித்துக்கொண்டிருந்தீர்கள். "இப்பத் தேவலைங்க, எந்திரிச்சு நடக்கறாரு" என்றார் உங்கள் மனைவி. மனசு லேசாகித் திரும்பினேன். ஆபீசில் யார் கேட்டாலும் அதையே சொன்னேன். அடுத்த வாரம் கேட்டவர்களுக்கும் அதைத்தான் சொன்னேன், அதற்கடுத்த வாரமும். ஒரு நாள் காலை பாஸ் படியேறிக்கொண்டே, "அவருக்கு எப்படி இருக்கு?" என்றார். "தேவலைங்க சார், எந்திரிச்சு நடக்கறாரு" என்றேன். யோசிக்கவே இல்லை, அவ்வளவு வேகம்.

மத்தியானம் உங்கள் மனைவி போன் செய்தார். நான் அந்தப் பதிலைச் சொன்னபோது உங்கள் உயிர் போய் நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. "ரெண்டு நாளா ஆஸ்பத்திரிலதானுங்க. உங்களைக் கேட்டுட்டே இருந்தாரு. வேலையா இருப்பீங்கன்னு நாந்தான் கூப்பிடலை" என்றார். மூன்று வாரமாக நான் ஏன் ஒரு போன் போடவில்லை என்று அவர் கேட்கவில்லை. நல்ல பதில் ஒன்று கையில் இருந்தது, அதனால் கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவுதான். உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்க நினைப்பது அந்த யானைக்காக அல்ல, இதற்காக.

புது சர்வரில் கம்ப்யூட்டர் குரல் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். உங்கள் குரலே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். உங்கள் மனைவியும் எப்போதாவது அந்த எண்ணுக்குக் கூப்பிடுகிறாராம்.

இன்று சாயங்காலம் பாஸ் என் மேசைக்கு வந்து, "அவரோட வீட்டம்மா எப்படி இருக்காங்க?" என்றார். நேற்று இரவுதான் பேசியிருந்தேன், பதில் நாக்கு நுனியில் இருந்தது. "இருங்க சார், கேட்டுச் சொல்றேன்" என்று போனை எடுத்தேன்.

"நேத்துத்தான் பேசினேன்னு காலைல சொன்னீங்களே?" என்றார்.

"அது நேத்துங்க" என்றேன். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது.