அங்கீகாரம் வரும் என்றார்கள்

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இங்கே நலம். கடல் தாண்டிப் போன இடத்தில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் சொன்னால் பாதியிலேயே "சரிக்கா, வேலையிருக்கு" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். கடைசி வரிவரை படி, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நீ இப்போது படிக்கச் சேர்ந்திருக்கும் கம்பெனியின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அனுப்பிய படத்தைக் காட்ட மட்டும் மாடிப்படி ஏறி வீடு வீடாகப் போய்விட்டாள். உன் அத்தான் வேறு, "மச்சான் கொடிகட்டிப் பறக்கிறான்" என்கிறார். எனக்குத்தான் அந்தப் படத்தை இன்னொரு முறை பார்க்க மனம் வரவில்லை.

பயமாக இருக்கிறதடா. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாதே.

வெளிநாட்டில் வாங்கிய பட்டம் இங்கே செல்லுமா செல்லாதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்தக் கம்பெனி கணினிப் பாதுகாப்புக்கு நடத்தும் தேர்வுக்கு எங்கே போனாலும் மதிப்பு உண்டு. நீ அதில் தேறியபோது அலுவலகம் முழுக்க இனிப்பு கொடுத்தவளே நான்தான். ஆனால் தேர்வு வேறு, பட்டம் வேறு. இப்போது அவர்களே பட்டமும் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். தேர்வுக்கு இருக்கிற பெயர் பட்டத்துக்கும் இருக்கும் என்று நம்பி, இன்னும் ஒரே வருடம் பாக்கியிருந்த கல்லூரியை விட்டுவிட்டு நீ அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, படுபாவி?

போன வாரம் அதே பட்டத்தோடு ஒரு பெண் வந்தாள். அங்கே முதன்முதலாகப் படித்து வெளிவந்தவர்களில் ஒருத்தி. மருத்துவமனை ஒன்றின் கணினிப் பிரிவில் வேலை தயாராக இருக்கிறது, நாங்கள் சரி என்றால் போதும். எங்கள் கணினிப் பொறியாளர் துருவித் துருவிக் கேட்டதற்கெல்லாம் மடமடவென்று பதில் சொன்னாளாம். அவர் என்னிடம் வந்து, "பொண்ணு நெருப்பு மாதிரி இருக்கா மேடம், ஆனா பின்னாடி யாருமே நிக்கலையே" என்றார். மதிப்பெண்ணைப் பார்க்கும் முன், பட்டம் கொடுத்த இடத்தை யார் அங்கீகரித்தார்கள் என்று பார்ப்பது எங்கள் வழக்கம். யாரும் இல்லையென்றால் மேலே போகவே மாட்டோம். அவளோ, "விண்ணப்பிச்சிருக்காங்க, சீக்கிரம் வந்துடும்னு சொன்னாங்க மேடம்" என்றாள். நீ சேர்ந்த அன்று போனில் சொன்னதும் இதுதானே?

அந்தக் கம்பெனிக்கே போன் போட்டேன். தேனாகப் பேசினார்கள். அங்கீகாரம் வந்தால், அதற்கு முன்பு படித்து முடித்தவர்களுக்கும் செல்லுமா என்று கேட்டேன். "அதை அப்போ பார்த்துக்கலாம் மேடம்" என்றார் போனில் பேசிய ஆள்.

இந்த மாதிரிப் பட்டங்களுக்கெல்லாம் சேர்த்து அலுவலகத்தின் முடிவை எழுதச் சொன்னார் மேலதிகாரி. என் தம்பி அங்கே படிக்கிறான், வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன். "தம்பிக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணுன்னு எழுதுற ஆளா நீங்க? பொறியாளரும் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும்" என்று என் மேசையிலேயே வைத்துவிட்டார். ஏதாவது சந்து கிடைக்குமா என்று விதிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். உனக்காகத்தான் பார்த்தேன், மறைப்பானேன்? கிடைக்கவில்லை. படிப்பில் குறையில்லை, ஆனால் அங்கீகாரம் வரும்வரை பட்டமாக ஏற்க முடியாது என்று எழுதி, இன்று மத்தியானம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் எழுந்து வந்து, "வேற வழியே இல்லையா மேடம்?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நீ அங்கே தங்குவதற்கான அனுமதியே படிப்பை நம்பித்தான் இருக்கிறது. அங்கேயும் என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்து உன் தாளைப் பார்ப்பாள். அவளுக்கு நீ யாரோ. உன்னைத் திருப்பி அனுப்பிவிட்டால்? இங்கே வந்தாலும் அந்தப் பட்டம் உதவாது. நினைத்தாலே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அங்கே இருக்கும் உன் பழைய கல்லூரிக்கும் போன் போட்டுப் பேசினேன். இந்த மாத முடிவுவரை உன் இடம் இருக்கும், நேரில் வந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். போய்ச் சேர்ந்துவிடு, என் ராசா. அந்தக் கம்பெனியின் தேர்வு எத்தனை வேண்டுமானாலும் எழுதிக்கொள், அதை யார் வேண்டாம் என்றது?

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ சொல்வதா நான் சொல்வதா என்று அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம். நீ எங்கே இருந்தாலும் தலைநிமிர்ந்து இருக்க வேண்டும், எனக்கு அது போதும். உன் பட்டம் செல்லாது என்று எழுதியது உன் அக்காதான். கோபம் வந்தால் வரட்டும், ஆனால் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. திட்டுவதற்காவது கூப்பிடு.

உன்னைத் தூக்கி வளர்த்த,
அக்கா