லாரிக் காட்சி

12 செப்டம்பர், வெள்ளி

மகள் கயல் நாளை தோழிகளோடு பார்க்க ஆசைப்படும் படத்தை இன்று அரைநாள் லீவு போட்டு நானே பார்த்தேன். படத்தின் தணிக்கைச் சான்றிதழ்படி, பதின்மூன்று வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர்தான் முடிவெடுக்க வேண்டும். அவளுக்குப் பதினொன்று. வேண்டாம் என்று சொல்லத்தான் வீட்டுக்கு வந்தேன்.

"ரொம்ப ரத்தமா மா?"

"ரத்தம் மட்டும் இல்ல. ஏழை ஜனங்கள லாரில அடைச்சு ஊருக்கு வெளிய கொண்டுபோறாங்க. பாக்கவே முடியல."

"காலையில நம்ம பஸ் பக்கத்துல கட்டட வேலைக்குப் போற அங்கிள்ங்க லாரி பின்னால நெருக்கி உக்காந்து போறாங்களே, அந்த மாதிரியா?"

"அது வேற."

"எப்படி வேற?"

வேண்டாம் என்று சொல்ல வந்தவள், சரி, போ என்றேன். நாளை நானும் போகிறேன். தோழிகள் கேலி செய்வார்களாம், இரண்டு வரிசை பின்னால் உட்காரச் சொல்லியிருக்கிறாள். அந்தக் காட்சியில் அவள் திரும்பி என்னைப் பார்ப்பாள்.