மூன்று பின்னல்

சூலியா தெரு, பினாங்கு
1929 ஜூன்

என் மச்சான் நூர் முகம்மது அவர்களுக்கு, சுலைஹாவின் சலாம்.

தந்தி ரங்கூனில் உங்களுக்குக் கிடைத்திருக்கும். உங்கள் உம்மா வெள்ளிக்கிழமை சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தாகிவிட்டார்கள். கஷ்டப்படவில்லை. கலிமா சொன்னார்கள், உங்கள் பெயரையும் சொன்னார்கள். முகம் பார்க்கக் கொடுத்துவைக்காத உங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன்.

நீங்களும் கூட்டாளிகளும் பள்ளிவாசலை விட்டுக் கடை மாடியில் தனியாகத் தொழத் தொடங்கியதிலிருந்து தெருவுக்கு நாம் ‘பிர்கா வீடு’. அர்த்தம் கேட்டேன். பிரிந்துபோன கூட்டம், அரபியில் ‘பர்க்’ என்றால் பிரிப்பது, பெண்கள் எடுக்கும் வகிட்டுக்கும் அதுதான் சொல் என்று சிரித்தீர்கள். உங்களுக்கென்ன! பக்கத்து வீட்டு ஹபீபா பீவி பெருநாள் பலகாரத் தட்டைத் திருப்பி அனுப்பியபோது அழுதது நான்தானே.

மாமிக்கு ஒரே கவலை. “மௌத்தானா என்னைக் குளிப்பாட்ட யாரும்மா வருவா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்கு முறை தெரியாது. நம் மகளோ சின்னப் பிள்ளை. மையித்தை வைத்துக்கொண்டு பதறி நின்றேன், மச்சான்.

கூப்பிடாமலே வந்தார் ஹபீபா பீவி, கையில் கற்பூரமும் சீப்பும். “தள்ளும்மா, நீ தண்ணிய ஊத்து. சண்டையெல்லாம் ஆம்பளைங்களுக்கு. இவ என் கூட்டாளி லா” என்றார்.

குழந்தைக்குச் செய்வதுபோல் மெல்லக் குளிப்பாட்டினார். அந்த வெள்ளை முடியைச் சிக்கெடுத்து, பிரித்து, மூன்று பின்னலாகப் பின்னித் தலைக்குப் பின்னால் விட்டார். உதிர்ந்த முடியையும் கபன் துணிக்குள் பத்திரமாக வைத்தார். நீங்கள் சொன்ன வகிடு நினைவுக்கு வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பிவிட்டேன். அவரும் அழுதார்.

பள்ளிவாசல்காரர்களும் உங்கள் மாடிக்காரர்களும் ஒரே வரிசையில் நின்று ஜனாஸாத் தொழுகை தொழுதார்கள். மையித்தைச் சுமந்த சந்தூக்கின் முன்பக்கம், மகன் தோள் கொடுக்கும் இடத்தில், ஹபீபா பீவியின் வீட்டுக்காரர் ஹபீப் முகம்மது தோள் கொடுத்தார். அல்லாஹ் அவர்களுக்கு நிறைவாகக் கொடுக்கட்டும். இந்த நன்றியை எப்படித் தீர்ப்பேன்!

பிள்ளைகள் சுகம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் எங்கே வேண்டுமானாலும் தொழுங்கள், அது உங்கள் மனசு. கப்பலை விட்டு இறங்கியதும் முதலில் பக்கத்து வீட்டுக்குப் போய் அந்த மனிதரின் கையைப் பிடித்து சலாம் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நம் வீட்டுப் படி ஏறுங்கள்.

உங்கள் துஆவை வேண்டும்,
சுலைஹா