குரங்கின் இடுப்பு வளையம்

வெள்ளி, ஜூலை 12

மூன்று தடவை சவர்க்காரம் போட்டும் கையிலிருந்து சீழ் நாற்றம் போகவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சங்கிலியில் கட்டி வளர்த்த குரங்கை மீட்க இன்று மிருக வைத்தியர் வந்தார். அதன் இடுப்பில் இருந்த இரும்பு வளையம் சதைக்குள் புதைந்திருந்தது. ஃபேக்டரியில் மெஷின் வேலை பார்க்கும் பிட்டர் என்பதால் அதை வெட்டி எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

"புள்ள மாதிரி வளத்தேங்க டாக்டரம்மா. அதுக்கு பிஸ்கட் குடுக்காம நான் டீ குடிச்சதில்ல" என்றார் கணக்கப்பிள்ளை.

"புள்ளைக்கு இப்படியா மாட்டுவீங்க? யாரு செஞ்சது இத?"

"டவுன்ல எவனோ செஞ்சானுங்க" என்று சொல்லி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் குனிந்து இரும்பு ரம்பத்தை எடுத்தேன்.

செய்தது நான்தான். அது குட்டியாக இருந்தபோது வளையத்தைப் பூட்டி, கழற்றவே முடியாதபடி போல்ட்டின் முனையை அடித்து நசுக்கினேன். என் மனைவி மீனா பக்கத்தில் நின்றாள்.

"அது வளருமேங்க."

"வளந்தா பெருசா ஒண்ணு செஞ்சி மாட்டலாம் புள்ள."

அதன் பிறகு அவள் எத்தனையோ தடவை ஞாபகப்படுத்தினாள்; நான்தான் செய்யவில்லை. இப்போது அவள் போய்ச் சேர்ந்து ஆறு மாசம்.

வெட்டிய வளையம் மேசையில் கிடக்கிறது. இரும்பைத்தான் வெட்ட முடிந்தது. நான் நசுக்கிய போல்ட் இன்னும் அசையவில்லை.