அறுந்தவாரும் பதினாறு கோரும்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். உன் நலத்தை வாராவாரம் சனிக்கிழமை தெரிந்துகொண்டுதான் இருக்கிறேன். எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நின்றுகொண்டு படித்தால் தயவுசெய்து உட்கார்ந்துகொள்.

நேற்று கம்ப்யூட்டர் ஆட்டத்தின் நடுவில், "டேய் அறுந்தவாரு, உனக்குக் கண்ணு முன்னாடி இருக்கா, முதுகுல இருக்கா? அது பாலம்டா, அது மேல நடக்கணும்!" என்று ஒருவனைப் பார்த்துக் கத்தினாயே, ஞாபகம் இருக்கிறதா? பாலத்தை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் நடந்து, ஆற்றில் விழுந்து செத்தானே, இரண்டு மாதமாகத் தவறாமல் அதே இடத்தில் விழுந்துகொண்டிருக்கிறானே, அந்த அறுந்தவார் நான்தான்.

உளவு பார்க்க வந்தேன் என்று நினைத்துவிடாதே. நீ வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. போனில் நாம் பேசுவது உனக்கே மனப்பாடம். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்பா." "வேலை எப்படி?" "போகுதுபா." "அப்புறம்?" "அப்புறம் பேசறேன்பா." கடையில் ஐந்து ஜோடி ஷூவைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து போகிறவர்கூட என்னிடம் இதைவிட நாலு வார்த்தை கூடப் பேசுவார். அதனால்தான் ஒரு நாள் நீ வாய்தவறி ஆட்டத்தின் பெயரையும் உங்கள் குழுவின் பெயரையும் சொன்னபோது, பக்கத்தில் கிடந்த ஷூ பெட்டியின் மூடியில் எழுதி வைத்துக்கொண்டேன். குழுவுக்கு ஆள் குறைகிறது, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று நீ போட்டிருந்தாய். நான் யார் வேண்டுமானாலும் என்பதில் அடங்குவேன் என்று பட்டது. பெயர் கேட்டார்கள். அப்போது கையில் வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்த வார் அறுந்த செருப்பு இருந்தது. அதையே பெயராகப் போட்டுவிட்டேன்.

முதல் சில வாரம் கடையில்தான் ஆடினேன். உனக்குச் சாயங்காலம் என்றால் எனக்கு விடிகாலை. ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே குனிந்து போய், பில் போடும் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். மைக் கெட்டுவிட்டது என்று எழுதிவிட்டு வாயைப் பொத்திக்கொள்வேன். ஆனால் காது திறந்திருந்தது. இரண்டு மணி நேரம் உன் குரல்! நீ பாத்திரத்தைத் தீய விட்டதும், உனக்குக் காய்ச்சல் வந்ததும் (எங்களிடம் "சளிதான்பா" என்றாய்), ஜெயித்தால் கட்டைக் குரலில் பாடுவதும் எனக்குத் தெரியும். பாட்டை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில்தான் நீ கேட்டாய், "உனக்கு மூளை இல்லையா, இல்ல உன் கம்ப்யூட்டர்ல ப்ராசசர் இல்லையா?" என்று. யோசித்தேன். இரண்டில் ஒன்றைத்தான் கடையில் விற்கிறார்கள். அதை வாங்குவது என்று முடிவு செய்தேன்.

வீட்டில்தான் நீ காலேஜில் வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறதே என்பாய். அதைத் தட்டி எழுப்பவே அரை மணி நேரம் ஆகும். தவிர, சனிக்கிழமை விடிகாலையில் அது அம்மாவுடையது. குழந்தைகள் கிளினிக்கில் எந்த நர்ஸுக்கு எந்த ஷிப்ட் என்று டூட்டி சார்ட் போடுகிறாள். கதவைச் சாத்திக்கொண்டு போடுகிறாள். அவ்வளவு கவனம் தேவைப்படும் வேலை போலிருக்கிறது.

ப்ராசசர் விஷயத்தில் மாடி வீட்டு வக்கீலிடம் ஆலோசனை கேட்டது என் முதல் தப்பு. உலகத்தில் ப்ராசசர் செய்கிற கட்சி இரண்டே இரண்டு என்றும், ஒன்று தர்மம், மற்றது அதர்மம் என்றும் ஒரு மணி நேரம் வாதாடினார். "சார், எட்டு கோர் எல்லாம் ஏழைங்களுக்கு. நீங்க பதினாறுல போங்க," என்று தீர்ப்பும் அவரே சொன்னார். கோர் என்றால் ப்ராசசருக்குள் வேலை செய்கிற ஆள் மாதிரியாம். கூடவே தன் வீட்டில் சும்மா கிடந்த ஒரு மதர்போர்டையும், அதாவது ப்ராசசர் உட்காருகிற பலகையை, என் தலையில் கட்டினார்.

கம்ப்யூட்டர் கடைக்காரம்மா நேர்மையானவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "என்ன கேம் ஆடுவீங்க?" என்றார். சொன்னேன். "அதுக்கு ஆறு கோர் தாராளம். பதினாறு வாங்கினா சும்மா சூடாகும், அவ்வளவுதான்," என்றார். இருபத்தாறு வருஷமாகச் செருப்புக் கடையில் நிற்கிறவனிடம் இப்படிச் சொல்லலாமா? வளரும் பிள்ளைக்கு எப்போதும் ஒரு சைஸ் கூட வாங்கு என்று எத்தனை பெற்றோருக்கு உபதேசம் செய்திருக்கிறேன்! "பெருசாவே குடுங்க, போகப் போக ஆட்டம் வளரும்," என்றேன். அந்தம்மா, "யாரு, உங்களுக்கா?" என்று என் நரைத்த தலையைப் பார்த்தார். பிறகு பெட்டியை எடுத்து வைத்தார்.

வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம், கடையின் ஸ்டாக் கணக்குக்கு என்று சொல்லிவிட்டேன். வக்கீலின் மதர்போர்டில் ப்ராசசரை வைத்தால் உட்காரவில்லை. அதன் அடியில் தலைமுடி மாதிரி நூற்றுக்கணக்கான கால்கள். அதற்கேற்ற ஓட்டைகள் பலகையில் இல்லை. வேறு யாராவது என்றால் நிறுத்தியிருப்பார்கள். நான் இறுக்கமான ஷூவை விற்றே பிழைத்தவன். "போடப் போடச் சரியாயிடும்" என்று தினமும் பத்துப் பேரிடம் சொல்கிற வாய் இது. என்ன செய்வது, சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினேன். குதிகாலை ஷூவுக்குள் தள்ளுகிற ஷூ கொம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அம்மா வந்துவிட்டாள்.

ஏழு கால் மடங்கியிருந்தது. கடைக்காரம்மாவிடம் எப்படித் திருப்பிக் கொடுப்பது? அம்மா கைப்பையிலிருந்து சின்னக் கிடுக்கியை எடுத்தாள். கத்தி உதைக்கிற குழந்தையின் கையில் நரம்பைப் பிடிக்கிறவள் அவள். ஊசி போடும்போது குழந்தைகளிடம் சொல்வதையே ப்ராசசரிடமும் முணுமுணுத்தபடி, ஏழு காலையும் நிமிர்த்திவிட்டாள். "ஸ்டாக் கணக்குக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய ஃபேன்?" என்று மட்டும் கேட்டாள். சரக்கு அதிகம் என்றேன்.

அப்புறம் சரியான மதர்போர்டு வாங்கி, எல்லாம் மாட்டி, முன்னறையில் வைத்தாயிற்று. விமானம் கிளம்புகிற மாதிரி சத்தம். ஆட்டத்தின் நடுவில் ப்ராசசர் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நூற்றுக்கு ஏழு. பதினாறு பேரில் ஒருத்தன் வேலை செய்கிறான், மற்றவர்கள் கைகட்டி நிற்கிறார்கள். எங்கள் கடைக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. அதில் நான் மயங்கியிருந்தபோதுதான் மறுபடி ஆற்றில் விழுந்தேன். முன்பு படம் நின்று நின்று நகர விழுவேன்; இப்போது ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பிசிறில்லாமல் தெரிய விழுகிறேன். அதுதான் முன்னேற்றம்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நீ அறுந்தவாரை நீக்கிவிடலாமா என்று எல்லோரையும் கேட்டாய். மூன்று பேர் சரி என்றார்கள். உன் குழுவிலேயே கெட்டிக்காரர், "வலிக்காது" என்ற பெயரில் வாய் திறக்காமல் ஆடுகிறவர், உன்னை நேற்று மட்டும் நாலு தடவை காப்பாற்றியவர், அவர் மட்டும்தான் "இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்" என்று எழுதினார். எந்த மகராசனோ, அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

அந்த ஒரு வாரம் வருகிற சனிக்கிழமையோடு முடிகிறது. அதனால்தான் இதை விரைவுப் பார்சலில், ஷூவுக்குள் சுருட்டி அனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், சொல்வதற்குள் "அப்புறம் பேசறேன்பா" வந்துவிடும். கண்ணு, என்னை நீக்காதே. சண்டை போட விட வேண்டாம். ஏதாவது ஒரு மரத்தடியில் நிற்கச் சொல், நிற்கிறேன். உங்கள் மூட்டையைக் காவல் காக்கிறேன். அப்பா என்று தெரிந்துவிட்டதே என்று பேச்சைக் குறைத்துவிடாதே. "டேய்" என்றே கூப்பிடு. நீ என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசிப் பல வருஷமாகிறது.

ஷூ உன் அளவுதான், ஒன்பது. உனக்கு மட்டும் இந்த முறை ஒரு சைஸ் கூட வைக்கவில்லை. நீ வளர்ந்துவிட்டாய் என்று எனக்கும் தெரியும். முதல் இரண்டு நாள் கடிக்கும். போடப் போடச் சரியாயிடும். காய்ச்சல் வந்தால் சளி என்று சொல்லாதே. நீ போகிற பாலமெல்லாம் காலுக்கடியில் உறுதியாக இருக்கட்டும்.

ஆற்றோரத்திலிருந்து,
உன் அப்பா

பின்குறிப்பு: பார்சலை ஒட்ட டேப் தேடி உள்ளறைக்குப் போனேன். அம்மா காதில் ஹெட்போனோடு உன் பழைய பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் நம் பாலம். மூலையில் பெயர்: வலிக்காது. டூட்டி சார்ட் என்றாள், திரும்பாமலே. அப்புறம் ஒத்துக்கொண்டாள். பதினோரு மாதமாக ஆடுகிறாளாம். "நீங்க வந்த அன்னிக்கே தெரியும். இப்படி விழ உங்களாலதான் முடியும்," என்கிறாள். "அவன்கிட்ட சொல்லாதீங்க, அம்மான்னு தெரிஞ்சா அப்படிப் பாடமாட்டான்," என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம். எழுதமாட்டேன் என்று இல்லை.

அவள் தூங்கிய பிறகு அந்தப் பழைய பெட்டியின் ப்ராசசரைப் பார்த்தேன். இரண்டே கோர்.