ஒரு படி தவிடு

ஏழாயிரம்பண்ணை
12.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

செல்வி எழுதுவது. நீயும் அத்தானும் சுகமா? போன் போட்டால் நீ எடுக்கிறதே இல்லை. எங்கள் பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் இதை வேன் டிரைவர் மணிகண்டராஜ் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நம் ஹர்ஷினிக்கு இருதயத்தில் ஓட்டையாம் அக்கா. நாலு படி ஏறினால் உதடு நீலம் பாரித்துப் போகிறது. மதுரை டாக்டர், "அரசுக் காப்பீட்டு அட்டை கொண்டாம்மா, ஒரு பைசா ஆகாது. ஆனா தள்ளிப் போடாத" என்றார். என் ரேஷன் கார்டில் அவள் பேர் இல்லாததால் எனக்கு அட்டை தந்தாலும் அதில் அவள் வரமாட்டாளாம். உனக்குத் தெரியாததா? முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்று, இவள் பிறந்ததும் ஒரு படி தவிடு வாங்கிக்கொண்டு உனக்கு விற்றோம். எமன் நம்பவேண்டுமென்று உன் கார்டிலேயே பேரையும் ஏற்றினோம்.

இப்போது அதை நீக்கி என் கார்டில் சேர்க்கவேண்டும். உன் போனுக்கு ஓடிபி வரும், சொன்னால் போதும். இல்லை, உன்னிடம் காப்பீட்டு அட்டை இருந்தால், அதை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு நாள் மதுரைக்கு வா.

உன் தங்கை,
பாண்டிச்செல்வி


வெம்பக்கோட்டை
20.6.2024

என் உயிர்த் தங்கைக்கு,

உன் கடிதம் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் வீட்டுக்காரர் மருந்தறை வெடித்துப் போனார், இப்போது பிள்ளைக்கும் இப்படியா?

ஓடிபியை யாரிடமும் சொல்லக்கூடாது என்று பாங்கில் கண்டித்துச் சொல்லியிருக்கிறார்கள். அதை விடு. தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையின் பேரை நானே வெட்டினால் சாமி சும்மா இருக்குமா? எங்களிடம் காப்பீட்டு அட்டையும் இல்லை. நிலம் வைத்திருக்கிறவனுக்கு யாரடி கொடுப்பார்கள்?

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
வேலுத்தாய்


ஏழாயிரம்பண்ணை
8.7.2024

அக்கா,

நேற்று எனக்கு டாட்டா காட்ட வேன் வரைக்கும் ஓடிவந்தவள் பாதித் தெருவில் உட்கார்ந்துவிட்டாள். "நீ போம்மா, நான் கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்" என்கிறாள். ஆறு வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா இது? கூட வேலை பார்க்கிற மாடத்தி, "ஏட்டி, வீம்பு பாக்காத. உங்க அக்கா கால்ல போயி விளு" என்றாள். விழுந்தேன் என்றே வைத்துக்கொள். சாமி கோபத்துக்கு நான் பொறுப்பு. என் பிள்ளை சாகக்கூடாது அக்கா.

செல்வி


வெம்பக்கோட்டை
15.7.2024

அன்புள்ள செல்விக்கு,

அத்தானிடம் அழுது பேசினேன். எம்புட்டு ஆனாலும் சொந்தக் காசில் வைத்தியம் பார்க்கலாம் என்கிறார். ஆனால் இன்னொருத்தி பிள்ளைக்கு ஏன் என்று அவர் கேட்பதிலும் தப்பில்லையே. எனக்கும் மடி நிறையாமலே வயசாகிவிட்டது.

பிள்ளை இனிமேல் இங்கேயே இருக்கட்டும். என்னை அம்மா என்று கூப்பிடட்டும், உன்னைச் சித்தி என்று கூப்பிடட்டும். நான் ஒன்றும் கட்டாயப்படுத்தவில்லை, முடிவு உன்னுடையது. அவள் துணிமணி எதுவும் கொண்டுவர வேண்டாம். வெடிமருந்து வாடை துவைத்தாலும் போகாது.

அக்கா,
வேலுத்தாய்


ஏழாயிரம்பண்ணை
29.9.2024

அக்கா,

சொன்னபடி வெறுங்கையாகத்தான் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டேன். ஆபரேஷன் அன்றைக்கும் நீ சொன்னபடி வராந்தாவிலேயே நின்றேன். மனசு கேட்காமல் நர்ஸிடம், "எங்க அக்கா எம்புட்டு கட்டுனாகம்மா?" என்று கேட்டேன். "காசா? காப்பீட்டுலல்ல பண்ணுனது. அவுக வீட்டுக்காரருக்குக் குடல்வால் எடுத்தப்பவே அட்டை போட்டிருக்காகளே" என்றாள்.

அத்தானுக்குக் குடல்வால் எடுத்தது போன வருடம். என் பிள்ளைக்கு நீ விலை பேசியபோது அட்டை உன் பீரோவில் இருந்திருக்கிறது. பாவி, ஒரு நாள் பஸ் ஏறி வந்திருந்தால் முடிந்திருக்கும்.

அவளை வார்டுக்கு மாற்றியதும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். "சித்தி" என்றாள். அன்றைக்கு நான் அழவில்லை, இன்றைக்கு அழுகிறேன்.

மணிகண்டராஜிடம் ஒரு படி தவிடு கொடுத்தனுப்பியிருக்கிறேன். குமித்து அளந்தது. நீ கொடுத்ததை நான் திருப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து என் பிள்ளையைக் கூட்டிப்போவேன்.

பாண்டிச்செல்வி


வெம்பக்கோட்டை
2.10.2024

அன்புள்ள செல்விக்கு,

தவிடு வந்தது. கழுநீரில் கலந்து மாட்டுக்கு வைத்தேன், நன்றாகக் குடித்தது.

ஹர்ஷினி இப்போது மச்சுப்படி ஏறி இறங்குகிறாள். உதடு சிவந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டவேண்டுமாம். வளர்ந்தபிறகு இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்கிறார். எல்லாம் அந்த அட்டையில் பார்த்துக்கொள்ளலாம். பேர் என் கார்டில்தான் இருக்கிறது, போனும் என் கையில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போவதானால் போ, நான் வாசலை மறிக்கமாட்டேன். போகிற வழியில் அவளுக்கு மூச்சு வாங்கினால் என்ன செய்வாய் என்று மட்டும் யோசித்துக்கொண்டு வா.

சித்தியாக வருவதென்றால் தீபாவளிக்கு வா, கறி எடுத்து வைக்கிறேன். உங்கள் கம்பெனியிலிருந்து கம்பி மத்தாப்பு ஒரு பெட்டி கொண்டுவா. பிள்ளை கேட்கிறாள்.

இப்படிக்கு,
ஹர்ஷினியின் அம்மா
வேலுத்தாய்